கோழிக்கடை அத்தையின் பகையாளி

கோழிக்கடை அத்தைக்கு ரோஷம் கிடையாது என்று நம் சந்தில் யாராவது சொன்னால், நீங்கள் தலையாட்டிவிட்டு வரக்கூடாது. "எங்க நைனா அப்படிச் சொல்லல" என்று உங்கள் அப்பன் என்னைச் சாட்சியாக வைத்து நின்று சொல்ல வேண்டும். நான் பத்தாவதோடு படிப்பை விட்டவன். ஆட்டோ ஓட்டுகிற கை இது, இதில் பேனா சரியாக நிற்காது. ஆனாலும் உங்களுக்காக எழுதுகிறேன். அத்தை இங்கே இருந்தபோது நீங்கள் சின்னப் பிள்ளைகள். கோழிக்கூண்டுக்குள் கையை விட்டு அவரிடம் திட்டு வாங்கியதுதான் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். எனக்கு ஞாபகம் இருப்பது வேறு.

ஆள் குள்ளம். குரல் ரோட்டுக்கு அந்தப் பக்கம் வரைக்கும் கேட்கும். புடவைக்கு மேலே ஒரு ஆம்பளைச் சட்டை போட்டிருப்பார், கண்ணாடி கீழே விழாமலிருக்கக் கயிறு கட்டியிருப்பார். சித்தூரில் நம் சந்து மெயின் ரோட்டில் சேருகிற மூலையில்தான் கடை. புளியங்கட்டை மேல் கோழியை வைத்துக் கத்தியை இறக்கினால் இரண்டாவது வெட்டு தேவைப்படாது. பேச்சும் அதே மாதிரி. "கொஞ்சம் சேர்த்துப் போடும்மா" என்று யாராவது இழுத்தால், "கோழி இவ்ளோதான் வளர்ந்துது, அதுகிட்ட கேளு" என்பார்.

கோழிக்கடைக்கு வியாபாரமே ஞாயிற்றுக்கிழமைதான். அத்தை விடியும்போதே திறப்பார். சர்ச் மணி அடித்ததும், ஆட்கள் வரிசையில் நிற்கும்போதே ஷட்டரை இழுத்துவிடுவார். "தமிழ் ஆராதனை முடிஞ்சு வரேன். நிக்கிறதா இருந்தா நில்லு, இல்லன்னா இன்னிக்கு மீன் துன்னு." பாதிப் பேர் நிற்பார்கள். அத்தையைத் திட்டிக்கொண்டே நிற்பார்கள்.

கடைக்கு எதிரே, சந்தின் அடுத்த மூலையில் காண்ட்ராக்டர் வீடு. அவரும் நம் சபைதான். கமிட்டியில் இருந்தவர், முன் பெஞ்சில் உட்காருகிறவர். கார் வாங்கினார், நிறுத்த இடமில்லை. ஒரு நாள் காலையில் ஆட்களைக் கூட்டி வந்து சந்துக்குள் சுவருக்கு அஸ்திவாரம் தோண்ட ஆரம்பித்துவிட்டார். கேட்டதற்கு, "இது எங்க இடம்" என்றார்.

நாங்கள் எல்லோரும் தள்ளி நின்று கத்தினோம். அத்தை மட்டும் கத்தியைக் கடையில் வைத்துவிட்டு வந்து, குழிக்குள் இறங்கி நின்றார்.

"ஏறி வாம்மா மேல" என்றார் காண்ட்ராக்டர்.

"வழிய விடுங்கண்ணா, ஏறி வரேன்."

ஒரு அறை. கண்ணாடி மண்ணில் விழுந்தது. அடித்தவரே குனிந்து கண்ணாடியை எடுத்துக் கொடுத்தார். அத்தை அதைச் சட்டையில் துடைத்துப் போட்டுக்கொண்டு, அவர் முகத்தை நேராகப் பார்த்து, "இப்பவும் வழிய விடுங்கண்ணா" என்றார்.

அவர் விடவில்லை, சுவர் எழும்பிவிட்டது. மிச்சமிருந்த வழியில் ஸ்கூட்டர் போகும், என் ஆட்டோ போகாது. கேஸ் சிலிண்டரை மெயின் ரோட்டிலிருந்து உருட்டிக்கொண்டு வர வேண்டும். பின் வீட்டுப் பெரியவருக்கு மூச்சுத் திணறல் வந்தபோது ஆம்புலன்ஸ் உள்ளே வர முடியாமல், அவரை நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கிக்கொண்டு ஓடினோம். சந்துக்காரர்கள் சேர்ந்து கேஸ் போட்டோம். முதல் கையெழுத்து அத்தையுடையது.

இதுவரைக்கும் எல்லோருக்கும் புரிந்தது. இதற்குப் பிறகுதான் அத்தை யாருக்கும் புரியாமல் போனார்.

எங்கள் கோபம் எல்லாம் கோழிக்கடையில்தான் கொட்டும். கறிக்கு நிற்கும்போது காண்ட்ராக்டரைத் திட்டுவது பழக்கமாகிவிட்டது. ஒரு நாள் என் சிநேகிதன் ஒருவன், "அந்தாளுக்குக் கால்ல புண்ணாம், அழுகிப் போவட்டும்" என்றான். அத்தை வெட்டின கறியைத் திரும்பக் கட்டை மேலேயே போட்டுவிட்டார்.

"என் கறிய வாங்கிக்கினு போய் அந்த வாயால துன்னாத. வேற கடைக்குப் போ."

"இன்னாக்கா, அவரு உன்ன அடிச்சவரு."

"அடிச்சது என்னைத்தான? உனக்கு எங்க வலிக்குது?"

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. காண்ட்ராக்டர் பிறந்தநாள் வந்தது. நம் சபையில் பிறந்தநாள், கல்யாண நாளுக்கு ஸ்தோத்திரக் காணிக்கை கவரில் போட்டுப் பேரெழுதிக் கொடுப்போம், போதகர் பிரசங்கத்துக்கு முன்னால் வாசித்து ஜெபிப்பார், உங்களுக்கே தெரியும். அவரவர் குடும்பத்துக்கு அவரவர் கொடுப்பதுதான் வழக்கம். அன்றைக்குப் போதகர் காண்ட்ராக்டர் பேரை வாசித்து, "பிறந்தநாளுக்காக, நல்ல சுகத்துக்காக" என்று சொல்லி, கொடுத்தவர் பேர் என்று அத்தை பேரை வாசித்தார். வாசித்த பிறகுதான் அவருக்கே உறைத்தது. மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கவரை இன்னொரு தடவை பார்த்தார். பெண்கள் பக்கம் புடவை முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள். காண்ட்ராக்டரின் கழுத்து பின்னாலிருந்து பார்க்கவே சிவந்து தெரிந்தது.

ஆராதனை முடிந்ததும் வாசலில் அத்தையைப் பிடித்துக்கொண்டார்.

"ஏம்மா, சபையில வெச்சு என்னை நக்கல் பண்றியா?"

"நக்கல் பண்றதா இருந்தா கடையிலயே பண்ணுவேண்ணா. அதுக்கு எதுக்கு இவ்ளோ தூரம் வரணும்?"

"நீ என் மேல கேஸ் போட்டவ."

"ஆமா. புதன்கிழமை வாய்தா. மறக்காம வந்துடுங்க."

தெலுங்கு ஆராதனைக்கு வந்துகொண்டிருந்தவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். காண்ட்ராக்டர் பைபிளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போய்விட்டார்.

இன்னொன்று, ஈரல். காண்ட்ராக்டருக்குக் கோழி ஈரல் உயிர். சுவருக்கு முன்னால் ஞாயிறுதோறும் அத்தை கடையில்தான் வாங்குவார். சுவருக்குப் பின்னால் பஸ் ஸ்டாண்டு பக்கம் போய் வாங்கினார். அத்தை விடவில்லை. ஞாயிறுதோறும் ஈரலைத் தனியாக இலையில் கட்டி, ஆராதனைக்குப் போகும்முன் அவர் கேட்டில் நின்று கூப்பிடுவார். அவர் வெளியே வந்து, "வத்து" என்று தெலுங்கிலேயே வேண்டாம் சொல்லிவிட்டு உள்ளே போவார். கோபம் வந்தால் அவருக்குத் தமிழ் போய்விடும். அத்தை பொட்டலத்தோடு திரும்பி வந்து, அதை வரிசையில் முதலில் நிற்கிறவருக்குப் போட்டுவிட்டு ஷட்டரை இழுப்பார்.

ஒரு தடவை நான் கேட்டேவிட்டேன். "அக்கா, நெஜமாவே அந்தாளு மேல உனக்குப் பாசமா?"

"பாசமா? அந்த மூஞ்சியப் பார்த்தா இன்னிக்கும் என் கன்னம் எரியுது தம்பி."

"அப்புறம் இன்னாத்துக்கு இது?"

"பகையாளிய நேசின்னு ஏசு சொன்னாரு. உனக்கு ஆசையா இருக்கும்போது நேசின்னு சொல்லல. மனசு வர்ற வரைக்கும் காத்துக்கினு இருந்தா ஈரல் கெட்டுப் போவும். கை முன்னால போவட்டும், மனசு பின்னால மெதுவா வரட்டும்."

பசங்களா, இதைத்தான் ரோஷமில்லாத பேச்சு என்றார்கள். நான் சொல்கிறேன், அடித்தவனைத் திருப்பி அடிக்க ரோஷம் தேவையில்லை. அது தானாக வரும், நாய்க்கும் வரும். நான் எப்படி இருக்க வேண்டும் என்று என்னை அடித்தவர் முடிவு பண்ணக்கூடாது என்று அத்தை நினைத்தார். அவர் சுவர் கட்டலாம். என் மனசுக்குள் வந்து கட்ட முடியாது. இதைவிடப் பெரிய ரோஷம் எனக்குத் தெரியவில்லை.

அத்தையின் இந்தக் காரியங்களைப் பார்த்துச் சபைப் பெரியவர்கள் ஒரு தப்புக் கணக்குப் போட்டார்கள். காணிக்கை போடுகிறார், ஈரல் கொண்டுபோகிறார், அப்படியென்றால் மனசு இளகிவிட்டது, கேஸை விட்டு ராஜியாகப் போக ஒத்துக்கொள்வார் என்று நினைத்தார்கள். போதகரோடு பெரியவர்கள் கடைக்கே வந்தார்கள். அத்தை கையைக் கழுவிக்கொண்டு வந்து எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார்.

பெரியவர்களில் ஒருவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "பாரும்மா, விசுவாசிங்க ரெண்டு பேரு கோர்ட்டுல நிக்கிறது சாட்சியா இல்ல. நீதான் அவர நேசிக்கிறியே. கேஸ வாபஸ் வாங்கிடு."

"நேசிக்கிறேன்."

"அதான் சொல்றேன்."

"அவர நேசிக்கிறேன்னு சொன்னேன். சுவரு நல்லாருக்குதுன்னு நான் எப்ப சொன்னேன்?"

"மன்னிக்கணும்மா."

"மன்னிச்சாச்சு. அடிச்சது என் கணக்கு மட்டுந்தான், அத விட்டுட்டேன். வழி என்னுது மட்டுமில்ல. அத விட்டுக்குடுக்க நான் யாரு? பின் வீட்டுக்காரர நாற்காலியில தூக்கிக்கினு ஓடினாங்களே, அன்னிக்கு நீங்க வந்து ஒரு கால் புடிச்சீங்களா?"

டீ ஆறுவதற்கு முன்னால் கிளம்பிவிட்டார்கள்.

அந்தக் கோடையில் காண்ட்ராக்டரின் கால் புண் மோசமாகித் திருப்பதியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அத்தை கடையைச் சாத்திவிட்டு, ரொட்டியும் ஆரஞ்சுப் பழமும் வாங்கிக்கொண்டு ரயிலில் கிளம்பினார். எனக்கும் திருப்பதியில் ஆட்டோவுக்குச் சாமான் வாங்க வேண்டியிருந்தது, கூடப் போனேன். வார்டு வாசலில் அவருடைய மகன்கள் அத்தையை நிறுத்திவிட்டார்கள். "செத்துட்டாரான்னு பார்க்க வந்தியா?" என்று பெரியவன் கேட்டான். அத்தை பையை அவன் காலடியில் வைத்தார். "சாவக்கூடாதுன்னு பார்க்க வந்தேன்" என்றார். அவன் பையைக் காலால் தள்ளினான். ஆரஞ்சு ஒன்று உருண்டு ஓடியது. எனக்கு அவன் சட்டையைப் பிடிக்க வேண்டும் போல் இருந்தது. அத்தை என் கையைப் பிடித்துக் கீழே இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். ஆஸ்பத்திரி மதில் ஓரமாக, செருப்பைக் கழற்றிவிட்டு நின்று ஜெபம் பண்ணினார். பக்கத்தில் கரும்புச்சாறு மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. என்ன ஜெபித்தார் என்று கேட்கவில்லை. முகம் மட்டும் சண்டைக்கு நிற்கிற மாதிரி இருந்தது.

திரும்பும்போது ரயில் பாகாலா ஸ்டேஷனைத் தாண்டியது. நான்தான் ஆரம்பித்தேன்.

"இந்தாளு திருந்தவே போறதில்லக்கா."

"திருந்தலன்னா?"

"நீ பண்றதெல்லாம் வீண்தான?"

"திருந்திட்டாருன்னா அவரு எனக்குப் பகையாளியே இல்லியே தம்பி. அண்ணன் ஆயிடுவாரு. அண்ணனை நேசிக்கிறதுக்கு எவனாவது கட்டளை போடுவானா?"

அதற்கப்புறம் நான் இந்தக் கேள்வியை யாரிடமும் கேட்டதில்லை.

இப்போது சாட்சி சொன்ன கதை. இதற்காகத்தான் சந்து அவரை ஒதுக்கிவைத்தது.

நம் வக்கீல் எங்களையெல்லாம் கூப்பிட்டுச் சொல்லிக்கொடுத்தார். அந்த வழி எப்போதும் புறம்போக்கு, காண்ட்ராக்டர் குடும்பத்துக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது என்று எல்லோரும் ஒரே மாதிரி சொல்ல வேண்டும். சந்தில் வயதானவர்களுக்கு உண்மை தெரியும். அந்த இடத்தில் பாதி காண்ட்ராக்டரின் அப்பாவுடையது. சந்துக்காரர்கள் பிரேதத்தைத் தூக்கிக்கொண்டு போகக்கூட வழி இல்லாமல் இருந்ததைப் பார்த்து, அவர் தன் வேலியைப் பிடுங்கி உள்ளே தள்ளி நட்டவர். யாரும் கேட்காமல் செய்தார். ஆனால் அதைச் சொன்னால் "அப்போ எங்க இடம்தானே" என்று அவர்கள் பிடித்துக்கொள்வார்கள், கேஸ் போய்விடும் என்று எல்லோருக்கும் பயம். அதனால் அந்த மனிதரைப் பற்றிச் சந்தில் பேச்சே நின்றுபோயிருந்தது.

"நான் அப்படிச் சொல்ல மாட்டேன் சார்" என்றார் அத்தை.

வக்கீல் சிரித்தார். "கோர்ட்டுல கேக்கலன்னா சொல்லாதம்மா. கேட்டா தெரியாதுன்னு சொல்லு."

"தெரியும் சார். வேலி நட்டப்ப எங்க நைனாதான் கடப்பாரை புடிச்சாரு."

"உனக்கு வழி வேணுமா வேணாமா?"

"வேணும். அவங்க நைனாவ அழிச்சிட்டு வேணாம்."

பக்கத்து வீட்டுக்காரர் எழுந்தேவிட்டார். "உன் ஒருத்தியோட பக்திக்கு எங்க புள்ளைங்க ரோடு இல்லாம நிக்கணுமா?" நானும் அப்படித்தான் நினைத்தேன். என் ஆட்டோ மெயின் ரோட்டில் வெயிலில் நின்று சீட் வெடித்துக்கொண்டிருந்தது. "அக்கா, இந்த ஒரு தடவை" என்று கெஞ்சினேன். அத்தை என்னைப் பார்த்தார். "நீயும் எனக்குப் பகையாளி ஆவாத தம்பி. ஏற்கெனவே ஒருத்தர வெச்சுக்கினே என்னால முடியல."

அத்தை இல்லாமல் கேஸ் நிற்காது. குழியில் நின்றவர், அடி வாங்கினவர் அவர்தான். வேறு வழியில்லாமல் கூட்டிக்கொண்டு போனோம். மற்ற நாங்கள் எல்லோரும் வக்கீல் சொல்லிக்கொடுத்தபடியே சாட்சி சொன்னோம்.

சாட்சிக் கூண்டில் ஏறியதும், எப்போதும் போடும் ஆம்பளைச் சட்டையில்லாமல் வெறும் புடவையோடு சின்னப் பெண் மாதிரித் தெரிந்தார். கடைத் தெலுங்கில் நிதானமாகச் சொன்னார். சுவர் கட்டியதைச் சொன்னார், அறைந்ததைச் சொன்னார், கண்ணாடியை அவரே எடுத்துக் கொடுத்ததையும் சொன்னார். நம் வக்கீல் போதும் என்று ஜாடை காட்டினார். காண்ட்ராக்டரின் வக்கீல் எழுந்தார்.

"இவர் மேல் உனக்குப் பகை இருக்கிறதா?"

"அவருக்கு என் மேல இருக்குது. எனக்கு இல்ல."

"இந்த வழி யாருடைய இடம்?"

அத்தை கண்ணாடிக் கயிற்றைச் சரிசெய்துகொண்டார்.

"பாதி இவங்க நைனாவோட இடம்" என்றார் அத்தை. "இந்த ஊர்ல எங்களுக்கு யாரும் வழி விடாதப்ப அவரு விட்டாரு. பாடை போறதுக்குன்னு விட்டாரு. அதுக்கப்புறம் அந்த வழியில கல்யாணமும் போச்சு, ஸ்கூல் புள்ளைங்களும் போனாங்க. அந்த மாதிரி மனுசன் எங்க சபையில அப்புறம் பொறக்கல. அவரு குடுத்தத அவரு புள்ள திருப்பி எடுத்துக்கினாரு. அது நைனா பேருக்கு அசிங்கம். அதுக்குத்தான் நான் கேஸ் போட்டேன்."

நான் காண்ட்ராக்டரைத்தான் பார்த்தேன். தன் பக்கம் ஜெயிக்கிற சாட்சி கிடைத்துவிட்டது, சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் குனிந்து தன் கட்டுப் போட்ட காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் அப்பாவைப் பற்றி அந்தச் சந்தில் எத்தனையோ வருஷமாக ஒருவரும் நல்ல வார்த்தை சொல்லவில்லை. சொன்னது அத்தை மட்டும்தான்.

அதற்காக அவர் இளகிவிட்டார் என்று நினைக்காதீர்கள். வெளியே வந்ததும் அத்தையைத் தாண்டிக்கொண்டு போனார், திரும்பியே பார்க்கவில்லை. கேஸை விடவும் இல்லை. நம் சந்துக்காரர்கள் அத்தை கடையில் கறி வாங்குவதை நிறுத்திவிட்டார்கள். கோழிகள் கூண்டிலேயே கத்திக்கொண்டிருந்தன. அத்தை வெளி ஆட்களுக்கு விற்றுக்கொண்டு, போகிற வருகிற நம் ஆட்களிடம், "இன்னாப்பா, பகையாளி எண்ணிக்கை ஏறுது, என் ஜெபம் நீளமாப் போவுது" என்று சிரித்தார்.

தீர்ப்பு இங்கிலீஷில் வந்தது. வழி நமக்கு, சுவரை எடுக்க வேண்டும். நாங்கள் பொய் சொன்னதால் ஜெயித்ததா, அத்தை உண்மை சொன்னதால் ஜெயித்ததா என்று எனக்குப் படித்துப் பார்க்கத் தெரியவில்லை. வக்கீல் தன் சாமர்த்தியம் என்றார். ஆனால், ஒருவர் மனசார விட்ட வழியை அவர் பிள்ளை மறிக்க முடியாது என்று அதில் எழுதியிருப்பதாகவும் அவரேதான் சொன்னார்.

சுவரை இடித்த அன்று பையன்கள் பட்டாசு வாங்கி வந்தார்கள். காண்ட்ராக்டர் வாசலில் வைத்து வெடிக்கலாம் என்று திட்டம். அத்தை அவர்கள் கையிலிருந்து சரத்தை வாங்கிக் கோழித் தண்ணீர் வாளியில் போட்டுவிட்டார். அப்புறம் கடையிலிருந்து ஒரு பலகையைக் கொண்டுவந்தார். பழைய கோழிப் பெட்டியின் பலகை, வெள்ளை பெயிண்ட் அடித்திருந்தார். மேலே காண்ட்ராக்டரின் அப்பா பேர். கீழே "அவர் விட்ட வழி" என்று தமிழிலும் தெலுங்கிலும். சந்து வாசலில் அவரே ஏணி போட்டு ஏறி ஆணி அடித்தார். நம் ஆட்களில் ஒருவரும் ஏணியைப் பிடிக்கவில்லை. நான் பிடித்தேன்.

மறுநாளே காண்ட்ராக்டர் அதைப் பிடுங்கிப் போட்டார். அது தொங்கினால் இடம் போனதை ஊரே படிக்குமே. அத்தை வேறு பலகை அடித்தார். அவர் அதையும் பிடுங்கினார். "பிடுங்கட்டும்" என்றார் அத்தை. "எனக்குப் பொட்டி நெறைய வருது."

வயசாகி, கண் போய், அத்தை திருப்பதிக்கு மகள் வீட்டுக்குப் போனார். போன மழைக்காலத்தில் அங்கேயே இறந்துபோனார். சித்தூரிலிருந்து ஒரு வேன் நிறைய அடக்கத்துக்குப் போனோம். காண்ட்ராக்டர் வரவில்லை. வந்தார் என்று எழுதினால் கதை நன்றாக இருக்கும், ஆனால் வரவில்லை.

இந்த வாரம் பலகை மறுபடியும் கீழே கிடந்தது. காற்றா, அவர் வீட்டு ஆளா என்று நான் விசாரிக்கவில்லை. பெயிண்ட் வாங்கி வைத்திருக்கிறேன். சனிக்கிழமை உங்களுக்கு லீவு. பெரியவன் ஏணியைப் பிடி, சின்னவள் ஆணி டப்பாவைப் பிடி. காண்ட்ராக்டர் இப்போது நடக்க மாட்டார், வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார், நம்மை முறைப்பார். நீங்கள் ஏணியை விட்டுவிட்டு ஓடக்கூடாது. "தோத்திரம் தாத்தா" என்று சொல்லுங்கள். அவர் பதில் சொல்லாவிட்டால், இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொல்லுங்கள்.